இரட்டைக் கைக்குழந்தைகளோடு சிங்கப்பூர்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கைக்குழந்தையோடு விமானம் ஏறுவது பற்றிக் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரட்டையர் என்று வந்துவிட்டால் அவற்றில் பாதி பொருந்தாது. விமான நிறுவன விதிகளெல்லாம் ஒரு பெரியவர் மடியில் ஒரு குழந்தை என்ற கணக்கில் எழுதப்பட்டவை. அதனால் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து ஒரு மூட்டையாகப் பார்க்காதீர்கள். ஆளுக்கொரு கோப்பு, ஆளுக்கொரு பை, ஆளுக்கொரு பெரியவர் என்று முதல் நாளிலிருந்தே பிரித்துவிடுங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்தப் பிரிவினையை ஒட்டித்தான்.

எங்கே போவது என்பதை நான் சிங்கப்பூர் என்றே வைத்துக்கொள்கிறேன். பெங்களூரிலிருந்து சுமார் நாலரை மணி நேரம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, இட்லி கிடைக்கும், நடைபாதையில் தள்ளுவண்டி ஓடும். மலேசியா போக விரும்புகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை விசா தேவையில்லை என்று மலேசியா அறிவித்திருப்பதால் செலவும் கொஞ்சம் குறையும்.

எந்த வயதில், எத்தனை பேரோடு

ஐந்து மாதத்திலிருந்து பத்து மாதம் வரை நல்ல காலம் என்பது என் கருத்து. கழுத்து நின்றிருக்கும், முதல் சுற்றுத் தடுப்பூசிகள் முடிந்திருக்கும், எழுந்து ஓடத் தெரியாது. ஒரு வயதைத் தாண்டிய இரண்டு பிள்ளைகள் விமானத்தின் நடைவழியில் எதிரெதிர்த் திசையில் ஓடுவதைச் சமாளிக்க நாலு பேர் வேண்டும்.

இரட்டையரில் பலர் குறைமாதத்தில் பிறந்தவர்கள். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஊட்டி உயரத்தில் இருப்பதைப் போலத்தான் இருக்கும். பிறந்தபோது பிள்ளைக்கு ஆக்சிஜன் வைத்திருந்தால், மூச்சுத் தொந்தரவு ஏதாவது இருந்திருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பிள்ளைக்குச் சரி என்றார் என்பதற்காக இன்னொன்றுக்கும் சரி என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். இருவரையும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள்.

ஆள் கணக்கில் குறைந்தபட்சம் இரண்டு பெரியவர்கள். ஒருவர் இரண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொள்ள விமானத்தில் அனுமதி இல்லை. மூன்றாவதாகப் பாட்டியோ சித்தியோ வர முடிந்தால் பயணத்தின் முகமே மாறிவிடும். ஒருவர் பால் கலக்கவும், வரிசையில் நிற்கவும், நிம்மதியாகக் கழிவறை போய்வரவும் அந்த மூன்றாவது ஆள்தான் வழி. "எனக்கெதுக்குப்பா வெளிநாடு?" என்று பாட்டி சொல்வார். சொல்லிக்கொண்டே இருக்கட்டும், நீங்கள் அவருக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழும் பெயரும்

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும். ஆதாரைக் காட்டிச் சமாளிக்க முடியாது. இரட்டையருக்கு இரண்டு பதிவு எண், இரண்டு சான்றிதழ். இரண்டிலும் அப்பா அம்மா பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா, உங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிள்ளையின் பெயர் இல்லாமல் வாங்கிய சான்றிதழ் என்றால், தமிழ்நாட்டில் பதிவு செய்து ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம்.

ஓசூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர் போய்ப் பிரசவம் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறப்பு எங்கே பதிவானதோ அங்கேதான் திருத்தமும் பெயர்ச் சேர்ப்பும். கிருஷ்ணகிரி நகராட்சி அலுவலகத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கர்நாடகச் சான்றிதழில் கை வைக்க மாட்டார்கள்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய இனிஷியல் சிக்கல். பாஸ்போர்ட்டில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். மு. இனியன் என்றால் முதல் கட்டத்தில் இனியன், இரண்டாவதில் முருகன் என்று அப்பா பெயரை முழுதாகப் போடுங்கள். ஒற்றைப் பெயரோடு வரும் பாஸ்போர்ட்டில் பின்னாளில் சில நாடுகளுக்குத் தொல்லை வரும். துபாய் உள்ளிட்ட ஐக்கிய அமீரகம் 2022 நவம்பரிலிருந்து சுற்றுலா விசாவில் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறது.

ஒரே பிறந்த தேதி, ஒரே குடும்பப் பெயர், முதல் பெயரும் இனியன், இனியா என்று ஒட்டிக்கொண்டிருந்தால் டிக்கெட் போடுபவர் ஒரே ஆளை இரண்டு முறை அடித்துவிட்டதாக நினைக்க வாய்ப்புண்டு. டிக்கெட் கைக்கு வந்ததும் இரண்டு கைக்குழந்தைப் பெயரும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

பாஸ்போர்ட்

இணையத்தில் ஒரே கணக்கிலிருந்து இரண்டு விண்ணப்பங்களையும் போடலாம். நேரம் பதிவு செய்யும்போது இரண்டுக்கும் ஒரே நாளில், அடுத்தடுத்த நேரமாக, வீட்டுக்குப் பக்கத்து மையமாகத் தேர்ந்தெடுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சிறுவர் கட்டணம் 1,000 ரூபாய். எட்டு வயதுக்குக் கீழ் என்பதால் அதிலும் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஐந்து ஆண்டுகள் செல்லும்.

எடுத்துப்போக வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ் அசல், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட் அசலும் நகலும், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு 'டி' உறுதிமொழி. பிள்ளைக்கொரு தொகுப்பு. ஒன்றுக்குக் கொடுத்ததை இன்னொன்றுக்கும் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். பெற்றோர் பாஸ்போர்ட்டில் கணவன் மனைவி பெயர் பரஸ்பரம் ஏறியிருந்தால் வேலை சுலபமாக முடியும்.

புகைப்படம்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டிய இடம். நாலு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 4.5 செ.மீ.க்கு 3.5 செ.மீ. அளவில், வெள்ளைப் பின்னணியில் படத்தை நீங்களே கொண்டுபோக வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், முகத்தில் நிழல் விழக் கூடாது, தாங்கிப் பிடிக்கும் கை தெரியக் கூடாது. வெள்ளை வேட்டியை விரித்துப் படுக்கவைத்து மேலிருந்து எடுத்தால் சுலபம். கன்னத்து மைப்பொட்டைத் துடைத்துவிடுங்கள். பாட்டிக்கு மனசு கேட்காது. படம் எடுத்த கையோடு மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். உருவம் ஒத்த இரட்டையர் என்றால் ஸ்டூடியோவில் படம் வாங்கிய உடனே ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் பெயர் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வீட்டில் பட்டிமன்றம் நடக்கும்.

மொட்டை, காதுகுத்து எல்லாம் பயணத்துக்கு முந்தைய வாரங்களில் வைக்காதீர்கள். படத்தில் முடி, நேரில் மொட்டை என்பது மட்டுமல்ல, ஆறாத காதோடு பிள்ளையைத் தூக்கித் திரிவது எல்லோருக்கும் வேதனை.

விசாவும் டிக்கெட்டும்

சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும், கைக்குழந்தைக்கும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் தலைக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி, ஏஜென்ட் கூலி தனி. போகும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இதுவும் ஆளுக்கு ஒன்று, இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து. இது இலவசம், பணம் கேட்கும் இணையதளம் வந்தால் மூடிவிடுங்கள். மலேசியாவுக்கும் இதே மூன்று நாள் கணக்கில் ஒரு மின்னணு வருகை அட்டை உண்டு.

இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தனி இருக்கை இல்லாத மடி டிக்கெட். பல நிறுவனங்களில் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, சிலவற்றில் ஒரே நிலையான தொகை. பயணத்தின் நடுவில் இரண்டு வயது நிரம்பினால் திரும்பும்போது இருக்கை வாங்க வேண்டியிருக்கும்.

இனி இரட்டையருக்கென்றே உள்ள விஷயம். அவசர நேரத்தில் மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடி, மூன்று இருக்கை கொண்ட ஒரு வரிசைக்கு வழக்கமாக நாலுதான் இருக்கும். அதாவது அந்த வரிசையில் ஒரே ஒரு மடிக் குழந்தைக்குத்தான் இடம். அப்பா அம்மா அடுத்தடுத்த இருக்கையில் ஆளுக்கொரு பிள்ளையோடு உட்கார முடியாது. நடைவழிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கை நீட்டினால் பாட்டில் கொடுக்கலாம், முகமும் தெரியும். முன்பின் வரிசையைவிட இதுதான் வசதி. பணம் கட்டி இருக்கையை முன்கூட்டியே தேர்ந்தெடுத்தாலும் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, "இரண்டு கைக்குழந்தைகள், இந்த இருக்கைகள் சரியா?" என்று உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஏறிய பிறகு எழுப்பி மாற்றுவார்கள்.

சுவரில் மாட்டும் தொட்டில், பெரும்பாலும் இரண்டு நடைவழி உள்ள பெரிய விமானங்களில்தான் இருக்கும். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். குறைந்த கட்டண நிறுவனங்களின் சிறிய விமானங்களில் அதை எதிர்பார்க்க வேண்டாம். டிக்கெட் போடும்போது விலையோடு சேர்த்து எந்த விமானம் என்றும் பாருங்கள். ஆறாயிரம், ஏழாயிரம் கூடுதலானாலும் இரண்டு தொட்டில் கிடைக்கும் என்றால் அதையே எடுங்கள் என்பேன்.

தூளியை என்ன செய்வது

வழிகாட்டிகள் யாரும் சொல்லாதது இது. நம் வீட்டுப் பிள்ளைகள் தூளியில் தூங்கிப் பழகியவர்கள். சிங்கப்பூர் ஹோட்டல் அறையில் உத்தரமும் இருக்காது, கொக்கியும் இருக்காது. ஆட்டாமல் தூங்கத் தெரியாத இரண்டு பிள்ளைகள் இரவு முழுக்க மாறி மாறி அழுதால் பக்கத்து அறைக்காரர் வரவேற்பறைக்குப் போன் போடுவார்.

அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தரைப் படுக்கைக்கு மாற்றுங்கள். முதலில் பகல் தூக்கத்தை மட்டும். தூளியில் அசந்ததும் எடுத்துப் பாயில் போடாமல், தூக்கம் சொக்கும்போதே பாயில் கிடத்தித் தட்டிக்கொடுத்துப் பழக்க வேண்டும். ஒரே சமயத்தில் இருவரையும் பழக்க முயன்றால் இருவருமே தூங்க மாட்டார்கள். எந்தப் பிள்ளை சாதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். பகல் தூக்கம் படிந்த பிறகு இரவுக்கு வாருங்கள். தூளி கட்டிய அம்மாவின் பழைய சேலையைத் துவைக்காமல் எடுத்துக்கொண்டு போனால், தட்டிக்கொடுக்கும்போது உங்கள் தோளில் போட்டுக்கொள்ளலாம், வாசனை தெரிந்தது. பிள்ளை தூங்கும் தொட்டிலுக்குள் மட்டும் அதை விட வேண்டாம், முகத்தை மூடிவிடும். மடக்கும் இரும்புத் தூளி ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு: இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு ஸ்டாண்ட், அந்த எடைக்கு வேறு எதுவுமே கொண்டுபோக முடியாது.

ஹோட்டலில் தொட்டில் இரண்டு வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். குழந்தைகள் என்று மட்டும் சொன்னால் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். துணி துவைக்கும் இயந்திரமும் சின்ன அடுப்பும் உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் கிடைத்தால் ஹோட்டலைவிட அது மேல்.

மூட்டை கட்டுதல்

டயப்பரை இங்கிருந்து பொதி பொதியாகச் சுமக்க வேண்டியதில்லை. இரண்டு நாளுக்கானது போதும், மீதியை அங்கே வாங்கலாம். லிட்டில் இந்தியாவில் சையது ஆல்வி சாலையில் இருக்கும் முஸ்தபா சென்டரில் நம் ஊர்ப் பொருட்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும். பால் பவுடர் மட்டும் விதிவிலக்கு. பிள்ளைக்குப் பழகிய அதே வகை, முழுப் பயணத்துக்கும், பிரிக்காத டப்பாவாகக் கையோடு வர வேண்டும். பழக்கமில்லாத பால் ஒத்துக்கொள்ளாமல் போனால் கெடுவது இரண்டு வயிறு.

ஆறு மாதத்தைத் தாண்டியவர்களுக்கு ராகி மாவு நல்ல துணை. நம் மாவட்டங்களில் அதற்கு என்ன குறை? முளைகட்டி அரைத்துச் சலித்ததை ஒரு வேளைக்கு ஒன்றாகச் சின்னப் பொட்டலம் போட்டு, மேலே பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். பெரியவர்களுக்கு வைக்கும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கக் கூடாது. சிங்கப்பூரில் அதைத் தடை செய்யப்பட்ட பொருளாகப் பார்க்கிறார்கள். உரை மருந்துப் பெட்டியையும் வசம்பையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மருத்துவர் எழுதிய காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி, வெப்பமானி, மருந்துச் சீட்டின் நகல் ஆகியவை கைப்பையில். அளவை ஒவ்வொரு பிள்ளையின் எடைக்கும் தனித்தனியே எழுதி வாங்குங்கள், இரட்டையர் என்றாலும் எடை ஒன்றாக இருப்பதில்லை. தூங்கவைக்கச் சளி மருந்து கொடுக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தள்ளுவண்டியில் அகலமான இரட்டை வண்டியைவிட, லேசான ஒற்றை வண்டி இரண்டு, நடுவில் இணைக்கும் கொக்கிகள், இதுதான் என் தேர்வு. தேவைப்படும்போது பிரித்து ஆளுக்கொன்றாகத் தள்ளலாம், லிஃப்டிலும் நுழையும். பல நிறுவனங்கள் வண்டிக்குக் கட்டணம் வாங்குவதில்லை, விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போய்க் கொடுக்கலாம்.

நகை வேண்டாம். வெள்ளிக் கொலுசு, அரைஞாண் கொடி, காப்பு என்று பிள்ளையைச் சிங்காரித்துக் கூட்டிப்போனால் சோதனைக் கருவி ஒவ்வொன்றுக்கும் கத்தும். அரைஞாண் கயிறு போதும். உருவம் ஒத்தவர்கள் என்றால் இருவருக்கும் வேறு நிறச் சட்டை போடுங்கள். பாஸ்போர்ட் அதிகாரியிடம் இனியன் எது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

காப்பீடு வாங்கும்போது குறைந்தபட்ச வயது எத்தனை மாதம் என்று பாருங்கள். குறைமாதப் பிறப்பு, மருத்துவமனையில் இருந்த நாட்கள் எதையும் மறைக்காதீர்கள்.

விமான நிலையம் வரை

கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூர் விமான நிலையம் ஏறத்தாழ 125 கி.மீ. தருமபுரிக்காரர்களுக்கு இன்னும் 45 கி.மீ. கூடும். தேசிய நெடுஞ்சாலை 44இல் ஓசூர் வரை பிரச்சினை இல்லை. அத்திப்பள்ளியைத் தாண்டினால் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசல். மாலை நேரத்தில் அதில் மாட்டினால் பிள்ளைகளும் மாட்டிக்கொள்வார்கள். இரவு விமானமாக இருந்தாலும் மதியம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுங்கள். சீக்கிரம் போய் உட்கார்ந்திருப்பதில் நஷ்டமில்லை. வாடகைக் காரென்றால் கர்நாடகப் பர்மிட் எடுத்தாயிற்றா என்று டிரைவர் அண்ணாவிடம் முந்தின நாளே கேளுங்கள். எல்லையில் காரை ஓரங்கட்டிவிட்டு அவர் சீட்டு வாங்கும்வரை இரண்டு பிள்ளைகளோடு வெயிலில் காத்திருக்க வேண்டாம். வழியில் எங்காவது நிறுத்தி ஒரு முறை பால், ஒரு முறை டயப்பர்.

சென்னைக்கு 250 கி.மீ.க்கு மேல். அங்கே விமானங்கள் அதிகம், ஆனால் கைக்குழந்தையோடு அந்தத் தூரம் சாலையில் தேவையில்லை. சேலம் விமான நிலையத்தில் வெளிநாட்டுச் சேவை இல்லை.

பெங்களூரில் வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாவது முனையத்தில். மடிக் குழந்தைக்கு இணையத்தில் செக்-இன் செய்ய பல நிறுவனங்கள் விடாது, அதனால் கவுன்டருக்கே போங்கள். பிள்ளைகளுக்கும் போர்டிங் பாஸ் உண்டு, எண்ணி வாங்குங்கள். அடுத்து பாதுகாப்புச் சோதனை. இங்கே ஆண்கள் வரிசை வேறு, பெண்கள் வரிசை வேறு. அப்பாவும் அம்மாவும் பிரிந்துதான் ஆக வேண்டும். அந்தச் சில நிமிடங்களுக்கு யாரிடம் எந்தப் பிள்ளை, யாரிடம் எந்தப் பை என்று முன்பே பேசிவையுங்கள். வண்டிகளை மடக்கி எக்ஸ்ரேயில் விட வேண்டும். பிள்ளைக்கான பால், வெந்நீர், கூழ் ஆகியவற்றுக்கு 100 மில்லி கட்டுப்பாடு இல்லை, பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். இமிக்ரேஷனில் குடும்பமாகவே நில்லுங்கள். முத்திரை இரண்டு பிள்ளைகளின் பாஸ்போர்ட்டிலும் விழுந்ததா என்று அங்கேயே பாருங்கள்.

விமானத்தில்

ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். விழுங்கிக்கொண்டே இருந்தால் வலி குறையும். அதனால் ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது இருவருக்கும் ஒரே சமயம் பால். இறக்கம், தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடும், அப்போது மறுபடி. இந்த இரண்டு வேளைக்காகவே அதற்கு முன் கொஞ்சம் பசிக்க விடுவது நல்லது. தாய்ப்பால் கொடுப்பவர் ஒரு பிள்ளைக்குத்தான் அந்த நேரத்தில் கொடுக்க முடியும், மற்றதற்குப் பாட்டிலோ சூப்பானோ முன்பே பழகியிருக்க வேண்டும்.

நடுவில் மட்டும் வேளைகளைக் கால் மணி நேரம் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒன்றை முடித்துக் கழிவறை போய்வந்து மற்றதை எடுக்கலாம்.

அங்கே போன பிறகு

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். கடிகாரத்தை மாற்றினாலும் பிள்ளையின் வயிற்றை மாற்ற வேண்டாம், ஒரு வாரப் பயணத்துக்கு நம் ஊர் நேரத்திலேயே கொஞ்சம் தளர்வாக விட்டுவிடலாம்.

செயலியில் பதிவு செய்யும் தனியார் வாடகைக் கார்களில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவருக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். மீட்டர் டாக்ஸிகளுக்கு அதில் விலக்கு. ரயிலுக்குத்தான் எங்கள் வீட்டு ஓட்டு. நிலையங்களில் லிஃப்ட் உண்டு, 0.9 மீட்டருக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. சாங்கி விமான நிலையத்திலிருந்து ஒரே நிறுத்தத்தில் எக்ஸ்போ, அங்கே டவுன்டவுன் வழித்தடத்துக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா.

தங்குமிடத்தை லிட்டில் இந்தியாவை ஒட்டிப் பார்த்தால் இன்னொரு வசதியும் உண்டு. குழந்தைகளுக்கான கே.கே. மருத்துவமனை பக்கத்திலேயே புக்கிட் தீமா சாலையில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் எண் 995.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம். காலையில் போய் வெயில் ஏறுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். ஓசூர்க் குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஊர்ப் புழுக்கம் வேர்க்குருவைக் கொண்டுவரும், கடைக்குள் ஏசி கால்களை விறைக்கவைக்கும். பருத்திச் சட்டையும் ஒரு ஜோடி சாக்ஸும் எப்போதும் பையில் இருக்கட்டும். பிற்பகலில் திடீரென்று கொட்டும் மழைக்கு வண்டிக்கு உறை வேண்டும். கார்டன்ஸ் பை தி பே என்ற வளைகுடாத் தோட்டத்தின் திறந்தவெளிப் பகுதிக்குக் கட்டணம் இல்லை, வண்டி தள்ள அகலமான பாதை.

திரும்பி வந்த மறுநாள் வேலைக்குப் போகாதபடி விடுப்பு போட்டுவையுங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சிங்கப்பூர் போய்வந்ததைச் சொல்லுங்கள், அங்கேயும் டெங்கு உண்டு.